மூக்குத்தியின் முன்னங்கால்

அறுபத்து மூவாயிரத்து நானூறு. மேஸ்திரி டிரெய்னருக்குத் தர வேண்டிய பணம் அவ்வளவு. வட்டி கிடையாது. வட்டி கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று அக்கா பல தடவை நினைத்திருக்கிறாள். வட்டிக்குப் பதிலாக டிரெய்னர் மேஸ்திரியின் வாயை அல்லவா வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்தக் கடன் வந்த கதை, ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. அக்காவின் தம்பி ஜாக்கி. காற்றடித்தால் பறந்துவிடுவான் என்று லாயத்தில் அவனுக்குத் தக்கை என்று பெயர் வைத்திருந்தார்கள். போன வருஷம் ஓட்டத்தின் நடுவே குதிரை மடங்கி விழுந்ததில் தக்கையின் தோள்பட்டை எலும்பு உடைந்தது. பணம் கட்டினால்தான் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொன்ன அன்று, எடுத்து நீட்டியவர், பந்தயக் குதிரைகளைப் பழக்குகிற டிரெய்னர். அவருடைய லாயத்துக்கு மேஸ்திரி, அக்காவின் புருஷன். அக்கா அதே லாயத்தில் குதிரை பார்க்கிறவள். தீவன அறைக்குப் பின்னால் ஒரே அறையில் மூன்று பேரும் குடியிருந்தார்கள். அறை ஒன்று என்றால் கடனும் ஒன்றுதானே.

அக்கா பார்க்கும் குதிரை மூக்குத்தி. பந்தயச் சீட்டில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. செவலை உடம்பு, மூக்கோரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதைப் பார்த்து அக்கா வைத்த பெயர் லாயம் முழுக்க நிலைத்துவிட்டது. சீசன் ஆரம்பத்தில் மூக்குத்தி இரண்டு பந்தயம் ஜெயித்தது. ஜெயித்ததுதான் வினையாகப் போயிற்று. ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவே மற்றக் குதிரைகளுக்கு மூச்சு வாங்க நாள் கிடைத்தது. மூக்குத்திக்குக் கிடைக்கவில்லை. பந்தயத்துக்குக் குதிரை குறைந்தால் மைதானத்து ஆபீசிலிருந்து டிரெய்னருக்குப் போன் வரும். "உங்ககிட்ட ஒண்ணு இருக்குமே" என்பார்கள். இருந்தது மூக்குத்திதான். இந்த மாதம் மட்டும் மூன்று ஓட்டம் ஓடிவிட்டது, அதில் ஒன்றில் மூன்றாவதாக வந்தது.

மூன்றாவது ஓட்டம் முடிந்த சாயங்காலம் அது தீவனத்தைத் தொடாமல், இடது முன்னங்காலைச் சற்று முன்னே நீட்டி வைத்து நின்றதையும், அக்கா அதை மேஸ்திரியிடம் சொன்னதையும் போன வாரம் பார்த்தோம். மேஸ்திரி கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டதோடு சரி. மறுநாள் டிரெய்னர் அவர் தோளில் கை போட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை முதல் மூணுக்குள்ள வரட்டும் மேஸ்திரி. உன் கணக்கை நான் மறந்துடறேன்."

இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை.

*

வெளிச்சம் வரும்போதே அக்கா மூக்குத்தியின் காலடியில் குந்தியிருந்தாள். முழங்காலுக்குக் கீழே, பின்பக்கமாக இறங்கும் நரம்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பால் சொம்பைத் தொட்டதுபோல் இருந்தது. வலது காலைத் தொட்டாள். அது குளிர்ந்திருந்தது.

"இன்னிக்கு மட்டும் பொறுத்துக்கோ" என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். போன ஓட்டத்தின்போதும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

உயரமான ரப்பர் வாளியில் ஐஸைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி, மூக்குத்தியின் காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். முதலில் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. பிறகு தலையைத் தாழ்த்தி அக்காவின் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டது. அத்தனை கனமான தலை. அக்கா அசையவில்லை.

அவள் மனக்கணக்கு இதுதான். பந்தயத்தன்று டாக்டர் எல்லாக் குதிரைகளையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் எப்போதும் அந்தக் கோடியிலிருந்து ஆரம்பிப்பார். இந்த வரிசைக்கு வர வெயில் ஏறிவிடும். அதற்குள் ஐஸின் குளிர்ச்சி போய்ச் சூடு திரும்பியிருக்கும். கை வைத்ததும் அவருக்கே தெரிந்துவிடும், அவரே நிறுத்திவிடுவார். மேஸ்திரியும் வாயைத் திறக்க வேண்டாம், அவளும் திறக்க வேண்டாம். அதுவரைக்கும் இந்த வாயில்லாத ஜீவன் கொஞ்ச நேரமாவது வலியில்லாமல் நிற்கட்டும்.

மேஸ்திரி கொட்டடி வாசலில் வந்து நின்றார். தினமும் காலையில் ஒவ்வொரு குதிரையின் நாலு காலையும் தடவிப் பார்த்த பிறகுதான் அவருக்கு டீ இறங்கும். இந்த ஒரு வாரமாக மூக்குத்தியின் கொட்டடிக்குள் மட்டும் அவர் வரவில்லை. வாசலோடு பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

"காலைக் கழுவி விடறியா?" என்றார்.

"தெரிஞ்சுக்கிட்டே கேக்காதீங்க. ராத்திரி பூரா அவ தூங்கல."

"தூங்கலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் தூங்கினாத்தானே."

மேஸ்திரி தாடையைச் சொறிந்தார். அப்போதுதான் இந்த வரிசையிலேயே டாக்டரின் குரல் கேட்டது. அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் உடைந்து பாதை சேறாகக் கிடந்ததாம். அதனால் இன்று இந்தப் பக்கமிருந்து ஆரம்பித்துவிட்டார்.

 அக்கா அவசரமாக மூக்குத்தியின் காலை வெளியே எடுத்து, வாளியை வைக்கோலுக்குப் பின்னால் தள்ளி, துண்டால் துடைத்தாள். ஏன் துடைத்தாள் என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். ஈரக்கால் மட்டும் டாக்டர் கண்ணில் பட்டிருந்தால் அவரே கேள்வி கேட்டிருப்பார். ஆனால் வேலைக்காரக் கை. ஈரம் கண்டால் துடைத்துவிடும்.

டாக்டர் நல்ல மனுஷர். அவசரப்படுகிறவரும் அல்ல. குனிந்து, இடது காலை மேலிருந்து கீழ்வரை தடவினார். வலது காலையும் தடவினார். "வீக்கம் லேசா இருக்கிற மாதிரி இருக்கே. ஆனா சூடு இல்ல. சரி, ஓட்டிக் காட்டுங்க" என்றார். பாதையில் ஓட்டிக் காட்டினாள். ஐஸில் மரத்துப்போன கால் நொண்டவில்லை.

"சாப்பிடறாளாம்மா?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா வாயைத் திறந்தாள். டாக்டருக்குப் பின்னால் நின்ற மேஸ்திரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மிரட்டுகிற பார்வை என்றால் அவள் மதித்திருக்க மாட்டாள். கெஞ்சுகிற பார்வை.

"சாப்பிடறா" என்றாள் அக்கா.

டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கொட்டடிக்குப் போனார்.

*

எடை பார்க்கும் அறைக்குப் பின்னால் வேர்வை அறை. அறை என்று பெயர்தான், அடுப்பு என்று சொல்லலாம். தக்கை பிளாஸ்டிக் உறையை மாட்டி, அதன்மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். நேற்று மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும் சிரித்தான். உதடு வெடித்திருந்தது.

"இன்னும் அரைக் கிலோ இறங்கணும்க்கா. நிழலைக் கழட்டி வச்சுட்டுத் தராசுல ஏறலாமான்னு பாக்கறேன்."

"உன் நாக்கை அறுத்து வச்சாலே ஒரு கிலோ குறையும்."

"அதை அறுத்துட்டா மாமாவை யாரு கிண்டல் பண்றது." கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு சிரிப்பு போய்விட்டது. "கால் எப்படிக்கா இருக்கு?"

"டாக்டர் பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டார்."

"டாக்டர் கையைக் கேக்கல. உன் கையைக் கேக்கறேன்."

அக்கா அவன் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். சுவரிலும் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. "சூடு இருக்கு" என்றாள். "ஒரு வாரமா இருக்கு. டாக்டர் வந்தப்ப ஐஸ்ல வச்சிருந்தேன். அவருக்குத் தெரியல."

 தக்கை இடது தோள்பட்டையைத் தடவிக்கொண்டான். உள்ளே தகடும் ஆணியும் இருக்கிற இடம்.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஆனா கை வச்சுப் பாக்கல."

"அப்ப நான் ஏறறேன்."

"டேய்."

"என் எலும்புக்கு வாங்கின கடன்க்கா. நீயும் மாமாவும் ஒரு வருஷமா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறீங்க. நான் மெதுவா, பிடிச்சுக்கிட்டே போறேன். மூணாவதா வந்தாப் போதும்."

"அவளைப் பிடிச்சுக்கிட்டுப் போவியா? பக்கத்துல ஒரு குதிரை மூக்கை நீட்டினாப் போதும், அவ கால் இருக்கா இல்லையான்னே பாக்க மாட்டா. நீ நிறுத்தினாலும் அவ நிறுத்த மாட்டா. போன வருஷம் உன்னைக் கீழ போட்டதே, அதுவும் நல்ல குதிரைதான். மோசமான குதிரையா இருந்திருந்தா வலிச்சவுடனே நின்னிருக்கும்."

தக்கைக்கு அது தெரியாதா. அன்று அந்தக் குதிரை எழுந்து நிற்கப் பார்த்ததையும், ஊசி போட்டு முடிப்பதற்காக அதைச் சுற்றிப் படுதா கட்டியதையும் மண்ணில் கிடந்தபடி அவன்தானே பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பற்றி அவன் வீட்டில் பேசியதே இல்லை.

"மணியடிச்சுட்டாங்கக்கா. எடை பாக்கணும்" என்று எழுந்தான். எழுந்தபோது தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

*

சேணம் கட்டும் கொட்டகையில் மூக்குத்தி மறுபடியும் காலை முன்னே நீட்டி நின்றது. அக்கா தொட்டுப் பார்த்தாள். சூடு திரும்பியிருந்தது. காலையில் எதிர்பார்த்தபடியே திரும்பியிருந்தது, டாக்டர்தான் அருகில் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம், குதிரைகள் சுற்றிவரும் வட்டத்தின் ஓரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

பக்கத்து அடைப்பிலிருந்த லாயக்காரன் எட்டிப் பார்த்தான். "என்னக்கா, மூக்குத்தி ஒயிலா நிக்கறா? போட்டோ எடுக்க ஆள் வருதா?"

அக்கா அவனைப் பார்த்த பார்வையில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

மேஸ்திரி ஐஸ் வாளியோடு வந்தார். அவரே சுமந்து வந்திருந்தார், வழியெல்லாம் தளும்பி ஒரு பக்கக் கால்சட்டை நனைந்திருந்தது.

"வட்டத்துக்கு வர்றப்பவும் டாக்டர் ஒரு பார்வை பாப்பார். கொஞ்ச நேரம் வை" என்றார்.

"வைக்கிறேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை கை வைங்க."

"எதுக்கு?"

"எத்தனை குதிரையைத் தொட்ட கை. ஒரு வாரமா இவளை மட்டும் தொடல. தொட்டுட்டு 'வை'ன்னு சொல்லுங்க, வைக்கிறேன். மறுபேச்சுப் பேசல."

மேஸ்திரி வாளியைக் கீழே வைத்தார். துண்டால் கையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

கையை வைத்ததும் அவர் கண்கள் தானாக மூடிக்கொண்டன. எல்லாக் குதிரைக்கும் அப்படித்தான் மூடுவார். விரல்கள் நரம்போடு இறங்கின, ஓரிடத்தில் நின்றன. அங்கே லேசாக அழுத்தினார். மூக்குத்தி காலைத் தூக்கியது. உதைக்கவில்லை. தூக்கி, அவர் கையிலேயே விட்டுவைத்தது.

அந்தச் சமயம் பார்த்துத் தக்கை சேணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். பளபளவென்ற பட்டுச் சட்டைக்குள் அவன் இருக்கிறானா என்றே சந்தேகமாக இருந்தது. ஓட்டத்துக்குமுன் மேஸ்திரி குனிந்து கையைக் கோத்துக் கொடுப்பார். தக்கை முழங்காலை அதில் வைத்து எழும்பிச் சேணத்தில் உட்காருவான். இன்றைக்கு வட்டத்தில் நடக்க வேண்டியதை இங்கேயே முடித்துவிடுகிறவன்போல் அவன் முழங்காலை மடக்கி நின்றான்.

"மாமா, இதைக் கட்டி ஏத்திவிடுங்க. நேரமாச்சு."

மேஸ்திரி உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. மூக்குத்தியின் கால் இன்னும் அவர் கையில் இருந்தது.

"உன்னை ஆம்புலன்ஸ்ல ஏத்தினதும் இந்தக் கைதான் மச்சான்" என்றார். "சேணத்தைக் கீழ வை."

"மாமா, கடன்..."

"வைடான்னா வை."

இத்தனை வருஷத்தில் அவர் தக்கையை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. தக்கை சேணத்தை வைத்தான்.

மேஸ்திரி காலை மெதுவாக மண்ணில் இறக்கிவிட்டு எழுந்து, வேலியோரம் போய் டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் வருவதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"காலையில நீங்க பாத்தப்ப அவ ஐஸ்ல நின்னுட்டு வந்திருந்தா டாக்டர். சாப்பிடறான்னு சொன்னதும் பொய். நான்தான் சொல்லல."

"நாங்கதான் சொல்லல" என்றார் மேஸ்திரி.

டாக்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். கோபம் வந்தது தெரிந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டு குடையை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். கை வைத்தவுடனே, "அடடா" என்றார், மிக மெதுவாக. "இந்தக் காலோட இன்னிக்கு ஓடியிருந்தா வளைவு தாண்டியிருக்காது. இதுக்கு மாசக்கணக்குல ஓய்வு வேணும். அப்புறமும் பழைய மாதிரி ஓடுமான்னு சொல்ல முடியாது." நிமிர்ந்து தக்கையைப் பார்த்தார். 

சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் மூக்குத்தியின் நீளப் பெயரைச் சொல்லி, விலக்கப்பட்டது என்றார்கள். கூட்டத்தில் சிலர் 'ச்சே' என்றார்கள். அதன்மேல் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கச் சீட்டோடு எழுந்து போனார்கள்.

*

டிரெய்னரின் ஆபீஸ் அறையில் மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"எனக்கு மட்டும் ஆசையா அவளை இத்தனை தடவை ஓடவிட?" என்றார். "குதிரை வச்சிருக்கவர் ஜெயிக்கணும்ங்கறார். ஆபீஸ்காரன் குதிரை கொடுங்கறான். தீவனக்காரன் வாசல்ல நிக்கறான். இத்தனைக்கும் நடுவுல நான் நிக்கறேன். நீ ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம் மேஸ்திரி."

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்களா?"

டிரெய்னர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னல் வழியாக வாசல் தெரிந்தது. பந்தய நாள் சாயங்காலங்களில் வருகிற, உயரமான பலகை அடித்த லாரி அங்கே வந்து நின்றிருந்தது. ஓட முடியாமல் போன குதிரைகளை அதில் ஏற்றிக்கொண்டு போவார்கள். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று லாயத்தில் யாரும் கேட்பதில்லை. அக்கா லாரியைப் பார்த்ததும் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களை வச்சுக்கிட்டு இனி நான் வேலை பாக்க முடியாது" என்றார் டிரெய்னர். "நீங்களே ஒதுங்கிக்கங்க. கடனை மெல்ல மெல்லக் கொடுங்க."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். குதிரை ஜெயிக்கிற பரிசில் அதைப் பார்க்கிறவளுக்கும் மேஸ்திரிக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு சீசன் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். நடுவில் தானாக வேலையை விட்டுப் போகிறவர்களுக்கு அது கிடையாது. எல்லா லாயத்திலும் அதுதான் வழக்கம்.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த தொண்டை.

"நாங்களா ஒதுங்கல முதலாளி. நீங்க அனுப்பறீங்க. அனுப்பறதா இருந்தா மூக்குத்தி ஜெயிச்ச ரெண்டு பந்தயத்துக்கும், மூணாவதா வந்ததுக்கும் எங்க பங்கைக் கொடுத்துட்டுத்தான் அனுப்பணும். கூட்டிப் பாருங்க. என் கடனுக்குக் குறைவா வராது."

டிரெய்னர் திரும்பினார். மேஸ்திரி இப்படிப் பேசுவார் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அக்காவே நினைத்திருக்கவில்லை.

"கடனைக் கட்ட அவ இன்னிக்கு ஓட வேண்டியதே இல்லையே" என்றாள் அக்கா. சொல்லச் சொல்லத்தான் அது அவளுக்கே புரிந்தது. "அவ ஏற்கெனவே ஓடிக் கட்டிட்டா முதலாளி. எங்க யாருக்கும்தான் கேக்க வாய் வரல."

டிரெய்னர் மனதுக்குள் கூட்டிப் பார்ப்பது அவர் உதட்டில் தெரிந்தது. ஒரு தடவை கூட்டினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். அப்போது அவரும் களைத்துப்போன ஒரு மனுஷராகத்தான் தெரிந்தார்.

"உங்க பக்கம் கொஞ்சம் கூடவே வருது" என்றார்.

"அது அவ தீவனத்துக்கு இருக்கட்டும்" என்றாள் அக்கா.

"அவளுக்கு இனிமே தீவனம்..." என்று ஆரம்பித்த டிரெய்னர் முடிக்கவில்லை. அவர் பார்வை தன்னையறியாமல் ஜன்னலுக்குப் போயிற்று. அக்காவின் பார்வையும் கூடவே போயிற்று.

லாரியின் பின்பலகை இறக்கப்பட்டிருந்தது. அதன் அருகே தக்கை நின்றிருந்தான். பட்டுச் சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் பனியனோடு நின்றான். அவனுடைய இலேசான சேணத்தை, மூன்று வருஷம் சீட்டுக் கட்டி வாங்கியதை, இரண்டு கையாலும் லாரிக்காரனிடம் நீட்டி, மூக்குத்திக்கு ஈடாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தான். லாரிக்காரன் அதை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. சேணத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அறையைக் காலி பண்ணிடுங்க" என்றார் டிரெய்னர், பின்னாலிருந்து.

"சரிங்க" என்றார் மேஸ்திரி. ஆனால் நகரவில்லை. "கணக்கு?"

டிரெய்னர் எழுந்து நின்றார். தோளில் கை போட வந்தவர்போல் ஒரு அடி வைத்தார். பிறகு கையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டார்.

"தீர்ந்தது மேஸ்திரி. அறுபத்து மூவாயிரத்து நானூறும் தீர்ந்தது."